சார்பும் நிலைபேறும்: சிங்கப்பூர் இணையத் தமிழ் கடந்து வந்த வழி



தமிழ் இலக்கணம் எழுத்துகளை முதலெழுத்து என்றும் சார்பெழுத்து என்றும் பகுத்துக் காண்கிறது. தொல்காப்பியர் முதலெழுத்து முப்பது என்றும், சார்ந்து வரும் எழுத்து மூன்று என்றும் வகுத்தார். நன்னூலார் சார்பெழுத்தைப் பத்தாக விரித்து, உயிர்மெய்யையும் அதனுள் அடக்கினார். சார்பெழுத்து தாழ்ந்த எழுத்தன்று. ஆயினும் அது தனித்து நில்லாது. தான் சார்ந்து நிற்கும் இடம் மாறினால் அதன் இயல்பும் மாறும். ‘நாடு’ என்னும் சொல்லின் ஈற்றுக் குற்றியலுகரம், ‘நாடல்ல’ என உயிர் வந்து புணருமிடத்து மறைந்துவிடுவதை நாம் அறிவோம்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மாணவர்க்கு இதைச் சொல்லிவந்த நான், பணி ஓய்வுக்குப் பின்னர் இளங்கணினியாளர் ஒருவரின் வாயிலிருந்து ‘சார்பு’ என்னும் இதே சொல்லை வேறொரு பொருளில் கேட்டேன். இணையச் செயலி ஒன்றை உருவாக்குவோர் எல்லா நிரலையும் தாமே எழுதுவதில்லை. பிறர் எழுதி வைத்த நிரல் தொகுப்புகளை எடுத்துப் பயன்படுத்துகின்றனர். கணினியாளர் அவற்றை லைப்ரரி என்பர். நாம் நிரலகம் எனலாம். ஒரு செயலி எந்தெந்த நிரலகங்களின்மேல் நிற்கிறதோ அவையே அதன் சார்புகள். இணையத்தில் தமிழ் எவற்றைச் சார்ந்து நின்றது, அவற்றுள் எவை நிலைத்தன, எவை சரிந்தன என்பதே இவ்வுரையின் பொருள். அவ்வரலாற்றின் முதற்பகுதி நம் சிங்கப்பூரில் நிகழ்ந்தது.

1995: முதல் பக்கமும் முதல் சார்பும்

அச்சுத் தமிழ் சிங்கப்பூருக்குப் புதிதன்று. சி. கு. மகுதூம் சாயபு 1887இல் ‘சிங்கை நேசன்’ வார இதழைத் தொடங்கினார். கோ. சாரங்கபாணி 1935இல் ‘தமிழ் முரசு’ இதழை நிறுவினார். அச்சுத் தாளுக்கு ஒரு நற்பண்பு உண்டு. ஈய எழுத்தும் மையும் பொறியும் அச்சகத்தாரின் கவலைகள். தாள் அச்சாகி வெளிவந்தபின் படிப்பவருக்கு அவற்றுள் எதுவும் வேண்டியதில்லை. சிராங்கூன் சாலைக் கடையில் வாங்கிய இதழை வாங்கியவர் கண்ணைத் தவிர வேறு கருவியின்றிப் படித்தார்.

இணையம் இந்த உறவை மாற்றியது. 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளின் நான்கு மொழித் தொகுப்பொன்று இணையத்தில் ஏற்றப்பட்டது. அதனை அந்நாளைய அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கி வைத்தார். அத்தொகுப்பின் தமிழ்ப் பகுதி, இணையத்தில் ஏறிய முதல் தமிழ்ப் பக்கங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. அம்முயற்சியின் பின்னே இருவர் இருந்தனர். ஒருவர், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் இணைய ஆய்வு வளர்ச்சிப் பிரிவை வழிநடத்திய பேராசிரியர் டான் டின் வீ. மற்றவர், தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் கற்பித்த எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. ‘கணியன்’ என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கியவர் அவரே. ‘இணையம்’ என்னும் சொல்லை ஆக்கித் தந்தவரும் அவரே என்பது பலர் கூற்று.

அந்நாளில் தமிழ்ப் பக்கத்தைப் படிக்க, அப்பக்கத்திற்குரிய எழுத்துருவைப் படிப்பவர் முதலில் தம் கணினியில் இறக்கி நிறுவ வேண்டும். காரணம் எளியது. எட்டு நுண்மிகளாலான குறியாக்கத்தில் 256 இடங்களே உண்டு. அவற்றுள் முற்பாதி ஆங்கிலத்திற்கு உரியது. தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் தர இயலாமையால், ஒவ்வொரு எழுத்துரு வடிவமைப்பாளரும் தமக்கு ஏற்ற வகையில் எழுத்து வடிவங்களையும் குறிகளையும் அடுக்கினர். ஒருவர் ககரத்தை வைத்த இடத்தில் மற்றொருவர் மகரத்தை வைத்தார். உரிய எழுத்துரு இல்லையெனில் திரையில் தமிழுக்கு மாறாகப் பொருளற்ற குறிகளே நின்றன.

இது கருதத்தக்கது. பனுவல் பனுவலாகவே சேமிக்கப்படவில்லை. குறிப்பிட்ட ஒருவரின் எழுத்துருவோடு சேர்ந்தால் மட்டுமே பொருள் தரும் எண்களின் வரிசையாகச் சேமிக்கப்பட்டது. எழுத்துரு தொலைந்தால் பனுவலும் தொலைந்தது.

கைவிடப்பட்ட ஊன்றுகோல்

இச்சிக்கலை முன்னோடிகள் நன்கு உணர்ந்திருந்தனர். 1997 மே திங்களில் சிங்கப்பூரில் கூடிய முதல் தமிழ் இணைய மாநாடு, குறியாக்கத்தையும் விசைப்பலகையையும் தரப்படுத்துவதையே முதன்மைப் பொருளாக எடுத்துக்கொண்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டி டாம், டாப் என்னும் இரு குறியாக்கங்களைத் தமிழ்நாட்டரசு அறிவித்தது. மின்னஞ்சல் வழியே பல நாட்டு ஆர்வலர்கள் கூடி வகுத்த ‘டிஸ்கி’ மற்றொரு பக்கம் வளர்ந்தது. அதே 1999ஆம் ஆண்டு மே மாதம் நா. கோவிந்தசாமி மறைந்தார். மறு ஆண்டு சூலையில் மாநாடு மீண்டும் சிங்கப்பூருக்கு வந்தபோது ‘உத்தமம்’ என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவானது.

இதற்கிடையே ஒரு குறுக்குவழி தோன்றியது. படிப்பவர் எழுத்துருவை நிறுவ வேண்டாம். பக்கத்தோடு எழுத்துருவும் தானே வந்து சேரும் என்றனர். இயங்கு எழுத்துரு என்பது அதன் பெயர். 1997இல் வெளிவந்த நெட்ஸ்கேப் நான்காம் பதிப்பு ஒரு முறையைக் கையாண்டது. மைக்ரோசாஃப்ட் உலாவியின் நான்காம் பதிப்பு வேறொரு முறையைக் கையாண்டது. தமிழ்த் தளங்கள் பலவும் இவற்றை மகிழ்வோடு ஏற்றன. ஆனால் 2000ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த நெட்ஸ்கேப் ஆறாம் பதிப்பு, தன் முன்னோர் ஏற்ற இயங்கு எழுத்துருவைக் கைவிட்டது. நேற்றுவரை படிக்க முடிந்த பக்கம், உலாவியைப் புதுப்பித்தவருக்கு மறுநாள் குறிகளின் குவியலாயிற்று. மைக்ரோசாஃப்ட் முறையில் அமைந்த பக்கங்களோ பிற உலாவிகளுக்குப் புலப்படவேயில்லை.

தளத்தை நடத்தியவர் ஒரு பிழையும் செய்யவில்லை. தம் பக்கத்தில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. அவர் சார்ந்து நின்ற ஒன்றை, எங்கோ இருந்த நிறுவனம் தனக்குரிய காரணங்களால் விலக்கிக்கொண்டது. இன்றைய கணினியாளர் நாள்தோறும் எதிர்கொள்ளும் சார்புச் சிக்கலின் முழு இலக்கணமும் இந்நிகழ்வில் அடங்கியுள்ளது.

யூனிகோடு: சார்பு நீங்கவில்லை, இடம் பெயர்ந்தது

யூனிகோடு தமிழுக்குத் தனி இடம் தந்தது. 1991இல் வந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. இந்திய அரசின் 1988ஆம் ஆண்டு இஸ்கித் தரத்தைத் தழுவியே அவ்விடங்கள் வகுக்கப்பட்டன. வின்டோஸ் 2000 தன்னோடு ‘லதா’ எழுத்துருவைக் கொண்டுவந்தபின், படிப்பவர் எதையும் தேடி நிறுவாமலே தமிழைக் காணும் நிலை மெல்லப் பரவியது. தமிழ்நாட்டரசு 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றது.

ஆயினும் மொழியியலார் ஒன்றைக் கவனிப்பர். நம் இலக்கணத்தில் ‘க்’ முதலெழுத்து. ‘க’ அதனோடு அகரம் சேர்ந்த உயிர்மெய். யூனிகோடில் இம்முறை தலைகீழ். அங்கே ‘க’ அடிப்படை; அதனோடு புள்ளி சேர்ந்தால் ‘க்’. ‘தமிழ்’ என்னும் சொல்லை நாம் மூன்று எழுத்தாக எண்ணுவோம்; கணினி அதனைத் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியிடங்களாக எண்ணும். ‘கொ’ என்பதற்கோ இரு வழிகள் உண்டு. ககரத்தோடு ஒகரக் குறியைச் சேர்த்து இரண்டு குறியிடங்களாகவும் எழுதலாம். கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்து மூன்றாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இயல்பாக்கம் செய்யாத கணினிக்கு இரண்டும் வேறு. ‘ஸ்ரீ’ என்னும் எழுத்தும் அவ்வாறே. 2005இல் யூனிகோடில் மற்றொரு சகர வகை சேர்ந்தபின் ஒரே வடிவத்தை இரு வகையாக எழுத வழி ஏற்பட்டது.

குறியிடங்களைச் சேர்த்து எழுத்து வடிவமாக்கும் பணியை எழுத்தமைப்பு நிரலகம் செய்கிறது. ‘கெ’ என்பதில் ககரம் முதலில் சேமிக்கப்படும். கொம்பை அதன் இடப்புறம் கொண்டுவந்து நிறுத்துவது அந்நிரலகத்தின் கடமை. ‘ஹார்ஃப்பஸ்’ என்னும் கட்டற்ற நிரலகம் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு ஆகியவற்றில் இப்பணியைச் செய்கிறது. நாம் கைப்பேசியில் தமிழ்ச் செய்தி படிக்கும் ஒவ்வொரு முறையும், பெயரறியாத இத்தகைய நிரலகம் ஒன்றின் உழைப்பைப் பெறுகிறோம். அது தவறினால் விளைவு பெரிது. 2018 பிப்ரவரியில் ஒரு தெலுங்கு எழுத்துக் கோவையைக் காட்ட முற்பட்ட ஐபோன்களில் செயலிகள் செயலிழந்தன. ஆப்பிள் நிறுவனம் விரைந்து திருத்தம் வெளியிட்டது. அச்சுத் துறையிலும் இதன் நிழலைக் காண்கிறோம். பக்க வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்குரிய அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிடில், கொம்பு இடம் மாறி, புள்ளி பிரிந்து, அழைப்பிதழ்களும் பலகைகளும் சிதைந்த தமிழோடு வெளிவருகின்றன.

பதினொரு வரிகள்

எழுத்துக்கு நேர்ந்தது நிரலுக்கும் நேர்கிறது. இன்று ஓர் எளிய இணையச் செயலியை உருவாக்குபவர் பத்து நிரலகங்களைத் தேர்கிறார் எனக் கொள்வோம். அப்பத்தும் தத்தமக்கு வேண்டிய பிற நிரலகங்களைச் சார்ந்து நிற்கும். அவை மேலும் பிறவற்றைச் சார்ந்து நிற்கும். இவ்வாறு, தாம் பெயரும் கேட்டிராத நூற்றுக்கணக்கான நிரலகங்கள் அவருடைய செயலியில் வந்து குடியேறுகின்றன.

2016 மார்ச்சில் நிகழ்ந்ததை எடுத்துக்கொள்வோம். ‘லெஃப்ட்பேட்’ என்பது பதினொரு வரிகளேயான நிரலகம். ஒரு சொல்லின் இடப்பக்கத்தில் வேண்டிய அளவு வெற்றிடம் சேர்ப்பதே அதன் வேலை. பெயருரிமைப் பூசல் ஒன்றினால் மனம் வருந்திய அதன் ஆசிரியர், தம் நிரலகங்களையெல்லாம் பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கினார். அப்பதினொரு வரிகளைப் பல படிகளுக்கு அப்பால் சார்ந்திருந்த எண்ணற்ற செயலிகளைக் கட்டமைக்க இயலாமற்போயிற்று. களஞ்சியத்தார் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அதனை மீட்டு வைத்தனர்.

2021 திசம்பரில் வேறொரு பாடம் கிடைத்தது. செயலியின் நடவடிக்கைகளைக் குறித்துவைக்கும் ‘லாக்4ஜே’ என்னும் நிரலகத்தில் கொடிய பாதுகாப்புக் குறை ஒன்று வெளிப்பட்டது. அதனைப் பேணி வந்தவர்கள் தன்னார்வலர்கள். அதன்மேல் நின்றவையோ உலகெங்கிலும் உள்ள நிறுவனங்களும் அரசு அமைப்புகளும். சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பும் உடனே எச்சரிக்கை விடுத்தது. அவ்வாரம் பல நிறுவனங்கள் விடைகாண முடியாமல் தவித்த கேள்வி, ‘இதை எப்படித் திருத்துவது’ என்பதன்று. ‘நம்மிடம் இது இருக்கிறதா’ என்பதே.

முதல் நிகழ்ச்சி சார்பு மறைந்துபோவதன் கேட்டையும், இரண்டாவது சார்பைப் புதுப்பிக்காமையின் கேட்டையும் காட்டுகின்றன. புதுப்பித்தாலும் இடர், புதுப்பிக்காவிடினும் இடர். இவ்விரண்டுக்கும் இடையே வழி காண்பதே சார்பு மேலாண்மை.

ஒரு சொற்பட்டியலின் கதை

இனி என் பட்டறிவைச் சொல்ல வேண்டும். ஓய்வுக்குப் பின், மாணவர் சிலரோடு சேர்ந்து லிட்டில் இந்தியாவின் பேச்சுவழக்குச் சொற்களைத் தொகுத்தேன். தேக்காச் சந்தையிலும், பஃபலோ சாலையிலும், நகைக் கடைகளிலும் முதியோரிடம் கேட்டு எழுதினோம். சிராங்கூன் சாலைப் பகுதியைச் சுண்ணாம்புக் கம்பம் என்று முன்னோர் வழங்கிய பெயர், ஹாக்கியன் மொழியின் வழிவந்த ‘தேக்கா’, மலாயின் வழிவந்த ‘கம்பம்’, ‘கோப்பி’, செட்டியார்களின் ‘கிட்டங்கி’, நகைத் தொழிலாளரின் ‘தொங்கட்டான்’ என ஏறத்தாழ நானூறு சொற்கள் சேர்ந்தன. சொன்னவரின் குரலையும் பதிவு செய்தோம். ஒரு மாணவர் அவற்றை இணையப் பக்கமாக்கினார். தேடலுக்கு ஆயத்த நிரலகம் ஒன்றைப் பயன்படுத்தினார். புதிய பதிப்பு வந்தால் அது தானே புதுப்பித்துக்கொள்ளும்படி அமைத்தார்.

ஓராண்டு கழித்துப் பெண்மணி ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவருடைய தந்தையார் பொற்கொல்லர். எங்களுக்குச் சொற்கள் தந்தவர். சில மாதங்களுக்கு முன் மறைந்துவிட்டார். தந்தையின் குரலைக் கேட்க விரும்பி, அவர் சொன்ன ‘தொங்கட்டான்’ என்னும் சொல்லைப் பக்கத்தில் தேடியிருக்கிறார். அப்படி ஒரு சொல் இல்லை என்று பக்கம் விடையிறுத்தது. ‘நீக்கிவிட்டீர்களா ஐயா?’ என்று கேட்டார்.

நாங்கள் எதையும் நீக்கவில்லை. ஆராய்ந்தபோது ‘சரம்’ கிடைத்தது, ‘மாலை’ கிடைத்தது, ‘தோடு’ கிடைக்கவில்லை, ‘கோப்பி’ கிடைக்கவில்லை. ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய் வரும் சொற்கள் மட்டுமே மறைந்திருந்தன. அதைக் கண்டதும் காரணம் விளங்கியது. எங்கள் பட்டியலை நான் முதலில் தட்டெழுதியது பழைய எழுத்துரு ஒன்றில். அதை யூனிகோடாக மாற்றிய கருவி, கொம்பை ககரத்தின் பின்னே நகர்த்திவிட்டுக் காலைத் தனியே விட்டிருந்தது. அப்பெண்மணியின் கைப்பேசியோ ‘தொ’ என்பதை ஒரே ஒகரக் குறியோடு எழுதியது. முந்தைய பதிப்பில் தேடல் நிரலகம், வேறொரு சிறு நிரலகத்தின் துணையால் இரு வடிவங்களையும் ஒன்றாக்கி ஒப்பிட்டு வந்தது. புதிய பதிப்பில் அச்சிறு நிரலகத்தை நீக்கிவிட்டனர். ஆங்கிலத்தில் அதனால் எவருக்கும் ஒரு குறையும் தோன்றியிராது. எங்கள் பக்கத்திலோ சொற்கள் சேமிப்பில் இருந்தும் கேட்பவருக்கு இல்லாமற்போயின.

அன்று மாலையே பட்டியல் முழுவதையும் ஒரே வடிவத்திற்கு இயல்பாக்கம் செய்தோம். அப்பெண்மணி தந்தையின் குரலைக் கேட்டார். ஆனால் இடைப்பட்ட மாதங்களில் தேடி வந்து, இல்லை என்னும் விடையை நம்பித் திரும்பியவர் எத்தனை பேர் என்பதை நான் அறிய வழியில்லை.

செய்யத்தக்கவை

இதிலிருந்து நான் கற்றவற்றைத் தமிழ்த் தளங்களை நடத்துவோர்க்கும், பள்ளிகளில் செயலி உருவாக்கும் மாணவர்க்கும் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, தரவை எதன்மேலும் சாராதவாறு பேணுக. தூய யூனிகோடுப் பனுவலாக, இயல்பாக்கம் செய்து, தனிக் கோப்பில் வைக்க வேண்டும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் டிஸ்கியில் வாழ்ந்து, பின்னர் யூனிகோடுக்கு மாறி இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. பனுவலைக் காட்சியினின்று பிரித்துப் பேணியதே அதற்குக் காரணம்.

இரண்டாவது, சார்ந்திருப்பவற்றைப் பதிப்பு எண்ணோடு எழுதி வைக்க. இன்றைய கருவிகள், எந்த நிரலகத்தின் எந்தப் பதிப்பு என்பதைப் பூட்டுக் கோப்பு ஒன்றில் தாமே குறித்துவைக்கும். அக்கோப்பைச் செயலியோடு சேர்த்தே காக்க வேண்டும். புதிய பதிப்பு தானே நுழையாது. நாம் அழைத்தால் வரும்.

மூன்றாவது, பூட்டியதோடு நில்லாமல், குறித்த காலத்தில் திறந்து பார்க்க. பாதுகாப்புத் திருத்தங்களை ஏற்க. ஏற்குமுன் தமிழால் சோதிக்க. கொ, கோ, கௌ, ஸ்ரீ, க்ஷ, ஆய்தம் ஆகியவை வரும் இருபது சொற்களைக் கொண்ட சோதனைப் பட்டியல் ஒன்று போதும். அதனை அமைக்க மொழியறிவே வேண்டும். கணினிப் பட்டம் வேண்டியதில்லை. தமிழாசிரியர் ஆற்றத்தக்க பணி இது.

நான்காவது, எழுத்துருவையும் சிறு நிரல்களையும் பிறர் வழங்கியிலிருந்து நேரே அழைக்காமல், உரிமம் இடந்தருமாயின் நம் தளத்திலேயே ஒரு படி வைக்க. 2024இல் ‘பாலிஃபில்’ என்னும் பொதுச் சேவையின் முகவரி கைமாறியபின், அதனை நேரே அழைத்துவந்த ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட தளங்கள் தீய நிரலுக்கு வழிவிட்டன.

ஐந்தாவது, பத்து வரியில் நாமே எழுதக்கூடியதற்கு நிரலகம் தேடாமை நன்று. அதே வேளையில், எழுத்தமைப்பு போன்ற அரிய பணிகளுக்கு நிரலகத்தைச் சாராமல் இருக்க முயல்வதும் பேதைமை. அவற்றைப் பேணுவோர்க்குப் பிழைகளை அறிவிப்பதும், தமிழ்ச் சோதனைச் சொற்களை அனுப்புவதும், இயன்றால் பொருளுதவி செய்வதும் நம் கடமை.

சிங்கப்பூர் பொன்விழாக் கண்ட 2015இல், ஐம்பதாண்டு சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தை மின்மயமாக்கித் தேசிய நூலகத்திடம் ஒப்படைத்தனர் தன்னார்வலர்கள். நூலகம் காக்கும் என்னும் நம்பிக்கையில் நாம் இளைப்பாறலாம். ஆனால் அந்நூல்களுக்கு வெளியே, மன்றங்களும் ஆலயங்களும் பள்ளிகளும் தனியாரும் நடத்தும் சிறு தளங்களில் நம் சொற்களும் குரல்களும் எத்தனையோ உள்ளன. அவற்றைக் காப்பவர் பெரும்பாலும் ஒருவர் அல்லது இருவர். அவர் படிப்பை முடித்தோ வேலை மாறியோ சென்றபின், அத்தளம் எதன்மேல் நிற்கிறது என்று சொல்ல எவரும் இரார்.

ஆகவே இவ்வவையில் இருப்போரை ஒன்று வேண்டுகிறேன். உங்கள் மன்றத்திற்கோ பள்ளிக்கோ தமிழ்த் தளம் ஒன்று இருக்குமாயின், இவ்வாரமே அதைத் திறந்து, ஒகரம் வரும் சொல் ஒன்றைத் தேடிப் பாருங்கள். விடை வந்தால், அதனை உருவாக்கியவரிடம் அது சார்ந்து நிற்பவற்றின் பட்டியலைக் கேட்டு வாங்கி வையுங்கள். விடை வராவிடில், அந்தச் சொல் தொலைந்துவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். உள்ளே எங்கோ கொம்பும் காலும் பிரிந்து நிற்கக்கூடும்.